அப்பாவின் பழைய லேப்டாப்புக்கு எது சரி: மின்ட்டா, உபுண்டுவா?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்பதால், நன்றாக ஓடும் பல லேப்டாப்புகளில் அதை முறைப்படி ஏற்ற முடியாது. என் அப்பாவுடையதும் அந்த வகைதான். 4 ஜிபி ரேம். அவருக்கு வேண்டியது யூடியூப், வங்கிக் கணக்கு பார்ப்பது, தமிழில் கடிதம் அடித்துப் பிரின்ட் எடுப்பது, அவ்வளவுதான். விண்டோஸுக்குப் பதிலாக, யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தின் வழி வந்தவற்றில் இதற்கு எது ஒத்துவரும்?

அவற்றில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டி சர்வருக்கு அருமையானது. ஆனால் 14 வரையிலான பதிப்புகளை நிறுவி முடித்தால் கறுப்புத் திரையில் லாகின் வரிதான் நிற்கும். டெஸ்க்டாப்பை நாமே கட்டளை அடித்து ஏற்ற வேண்டும். அப்பாவுக்கு ஆகாது.

ஆப்பிளின் மேக்ஓஎஸ் 2007-லேயே யூனிக்ஸ் சான்று பெற்றது. பயன்படுத்துபவருக்கு அது தெரியவே தெரியாது, அதுதான் அதன் பலம். தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் உள்ளேயே இருக்கின்றன; இதில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை அது முந்திவிடுகிறது. ஆனால் விண்டோஸில் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த ஹார்டுடிஸ்கைச் செருகினால் படிக்க மட்டும்தான் விடும், எழுத விடாது. அதோடு ஆப்பிள் கணினியே வாங்க வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

மிச்சம் உபுண்டுவும் லினக்ஸ் மின்ட்டும். மின்ட் உபுண்டுவின் மேல்தான் கட்டப்படுகிறது. அதனால் எந்த வைஃபை, எந்த பிரின்டர் வேலை செய்யும் என்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. வித்தியாசம் பழக்கத்தில். உபுண்டு 2011-ல் க்னோம் என்ற திரையமைப்பிலிருந்து யூனிட்டிக்கு மாறியது, 2017-ல் மறுபடி க்னோமுக்குத் திரும்பியது. நமக்கு அது ஒரு மாற்றம். அறுபது வயதுக்கு மேல் மவுஸ் பிடிக்கக் கற்றவருக்கு எல்லாம் தொலைந்துபோன மாதிரி. மின்ட்டின் சின்னமன் திரையமைப்பில் மெனு இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில், திறந்த ஜன்னல்கள் கீழே வரிசையாக. விண்டோஸில் பழகிய கை தேட வேண்டியதே இல்லை.

என்னை மின்ட் பக்கம் இழுத்தது டைம்ஷிஃப்ட் என்ற கருவி. அப்டேட் செய்து ஏதாவது கெட்டுப்போனால், முன்பு எடுத்து வைத்த நிலைக்குக் கணினியைத் திருப்பிவிடலாம். தானாக இயங்காது, முதல் நாளே நாம்தான் அமைத்துத் தர வேண்டும். நம் கடிதங்களையும் படங்களையும் அது இயல்பாகத் தொடாது, அவற்றைத் தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். எளிமை என்று நான் நினைப்பது இதைத்தான். அழகான திரையைவிட, பக்கத்தில் பிள்ளைகள் இல்லாத நாளில் பயப்படாமல் பின்வாங்க ஒரு வழி இருப்பது பெரிது.

தமிழ்த் தட்டச்சுக்கு இரண்டிலும் ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களை ஏற்றி தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை, ஆனால் தெரிந்தவர் ஒருவர் செய்துதர வேண்டும். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த பழைய கடிதங்கள், அந்த எழுத்துருக் கோப்புகளையும் எடுத்துப்போனால்தான் கடிதம் அடிக்கும் மென்பொருளான லிப்ரேஆஃபிஸில் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல்.

பழைய லேசர் பிரின்டர்கள் சில அடம்பிடிக்கும். அதனால் எதையும் அழிக்கும் முன், மின்ட்டைப் பென்டிரைவில் போட்டு அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் பிரின்டரைச் செருகி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள்.