ஃபார்மேட்டா, ரீசெட்டா, ரிப்பேர் இன்ஸ்டாலா: வீட்டு கம்ப்யூட்டர் படுத்துட்டா எந்தப் பக்கம் போறது?

சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்ல எந்தக் கம்ப்யூட்டர் கடையில சிபியூவக் கொண்டு போய் வச்சாலும் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "ஃபார்மேட் அடிச்சுரலாம் மேடம், புதுசு மாதிரி ஆயிடும்." அதாவது இருக்கறதை எல்லாம் அழிச்சுட்டு விண்டோஸைப் புதுசா போடறது. கடைக்காரங்களையும் குத்தம் சொல்ல முடியாது, நாள் பூரா மெஷின் வந்துட்டே இருக்கு, ஒவ்வொண்ணுலயும் உக்காந்து எந்த டிஎல்எல் (சாஃப்ட்வேர் ஓடறதுக்கு வேணுங்கற துணை ஃபைல்) காணோம்னு தேடிட்டிருந்தா அவங்களுக்குக் கட்டுப்படியாகாது. எனக்கு ஃபார்மேட் கட்டுப்படியாகாது, அதான் விஷயம்.

எங்க வீடு பெரம்பூர். ஒரே ஒரு டெஸ்க்டாப், அதை மூணு பேர் யூஸ் பண்றோம். வீட்டுக்காரர் சின்னச் சின்னக் கடைகளுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடறார், மாமனார் ரிடையர் ஆனப்புறமும் தெரிஞ்சவங்களுக்கு கல்யாணப் பத்திரிகை, கிரகப்பிரவேசப் பத்திரிகை டைப் பண்ணிக் குடுக்கறார், மிச்ச நேரம் எனக்கு. விண்டோஸ் அப்டேட் ஓடிட்டிருக்கும்போது கரண்ட் போயிருச்சு, யூபிஎஸ் பேட்டரி எப்பவோ செத்தாச்சு. அதுக்கப்புறம் எதை இன்ஸ்டால் பண்ணாலும் 1603ன்னு ஒரு எர்ரர், ஏற்கெனவே இருந்த சாஃப்ட்வேர்ல பாதி திறக்கும் பாதி திறக்காது, ஸ்டார்ட் மெனு அதுக்கா தோணும்போது வரும். ஃபார்மேட், ரீசெட், ரிப்பேர் இன்ஸ்டால்னு மூணு வழி இருந்துச்சு, நான் எடுத்தது மூணாவது. அந்தப் பக்கம் சாஞ்சுதான் எழுதப் போறேன், நடுநிலைலாம் எதிர்பாக்காதீங்க.

இந்த மூணுல எதுக்கும் போறதுக்கு முன்னாடி, படுத்திருக்கறது ஒரு சாஃப்ட்வேரா இல்ல விண்டோஸேவான்னு பாத்துருங்க. ரீஸ்டார்ட் பண்றது, ரைட் க்ளிக் பண்ணி அட்மினா ரன் பண்றது, சி டிரைவ்ல இடம் இருக்கான்னு பாக்கறது எல்லாம் உங்களுக்கே தெரியும். 1603ங்கறது காரணமே சொல்லாத எர்ரர், "ஏதோ ஆச்சு, நிறுத்திட்டேன்"ங்கறதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்ல. இன்ஸ்டால் பண்ற ஃபைல் எம்எஸ்ஐ வகையா இருந்தா, என்னென்ன நடந்துச்சுன்னு லாக் (குறிப்பு ஃபைல்) எழுதச் சொல்லி ஓட்டி, அந்த லாக்குல "ரிட்டர்ன் வேல்யூ 3"ன்னு தேடினா, அதுக்குக் கொஞ்சம் மேல நிஜக் காரணம் இருக்கும். 1618ன்னு வந்தா பயப்பட வேணாம், பின்னாடி வேற ஒரு இன்ஸ்டாலேஷன் ஓடிட்டிருக்கு, அது முடியட்டும்னு அர்த்தம்.

விசிரன்டைம்140 டிஎல்எல் காணோம்னு சொன்னா, அந்த ஒத்த ஃபைலை எங்கயோ டவுன்லோட் பண்ணி சிஸ்டம்32 ஃபோல்டர்ல போடற வேலை மட்டும் வேணவே வேணாம். மைக்ரோசாஃப்ட் சைட்ல அந்த ஃபைல் அடங்கின விஷுவல் சி ப்ளஸ் ப்ளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கு, 64 பிட் விண்டோஸா இருந்தாலும் எக்ஸ்86 (32 பிட்டுக்கு), எக்ஸ்64 (64 பிட்டுக்கு) ரெண்டையும் போடணும், நிறைய பேர் ஒண்ண மட்டும் போட்டுட்டு சரியாகலன்னு சொல்றாங்க. புதுசா ஒரு யூசர் அக்கவுண்ட் போட்டு அதுல அந்த சாஃப்ட்வேர் திறக்குதான்னு பாருங்க, திறந்தா விண்டோஸ் மேல பழியில்ல, உங்க ப்ரொஃபைல்தான் கெட்டுப்போயிருக்கு. ஸ்டார்ட்ல ரிலையபிலிட்டி ஹிஸ்டரின்னு தேடினா நாள்வாரியா ஒரு படம் வரும், என்னிக்கு எதை இன்ஸ்டால் பண்ணோம், என்னிலருந்து எது விழ ஆரம்பிச்சுதுன்னு அதுலயே தெரியும், இதை ஏன் யாருமே சொல்றதில்லன்னு எனக்குப் புரியல.

எல்லாமே சேந்து படுத்திருந்தா, கெட்டுப்போன சிஸ்டம் ஃபைலை சரி பண்ண விண்டோஸ்லயே ரெண்டு கமாண்ட் இருக்கு, டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் முதல்ல, எஸ்எஃப்சி ஸ்கேன்னவ் அப்புறம். ஏன் இந்த வரிசைன்னா எஸ்எஃப்சி நல்ல காப்பி எடுக்கற இடத்தைத்தான் டிஸ்ம் சரி பண்ணுது, அந்த இடமே கெட்டிருந்தா எஸ்எஃப்சி எங்கருந்து எடுக்கும். டிஸ்ம் நடுவுல 62 சதவீதத்துல நின்ன மாதிரி இருக்கும், விட்டுருங்க, நகரும். எங்களுக்கு டிஸ்ம்மே தோத்துப் போச்சு. அப்பதான் இந்த மூணு வழிக்கு வந்தோம்.

ரீசெட்டை சீக்கிரம் முடிச்சுடறேன். செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி போனா ரீசெட் திஸ் பிசி இருக்கும், "கீப் மை ஃபைல்ஸ்"னு ஒரு ஆப்ஷன் குடுக்கும். அந்தப் பேரைப் பாத்து ஏமாந்துராதீங்க, டாக்குமென்ட் போட்டோ எல்லாம் இருக்கும் ஆனா நீங்க இன்ஸ்டால் பண்ண சாஃப்ட்வேர் அத்தனையும் போயிடும், எதெல்லாம் போச்சுன்னு டெஸ்க்டாப்ல ஒரு லிஸ்ட் மட்டும் வச்சுட்டுப் போகும். க்ளவுட் டவுன்லோட், லோக்கல் ரீஇன்ஸ்டால்னு கேக்கும்போது க்ளவுட்டைக் குடுங்க, லோக்கல்னா மெஷின்ல இருக்கற ஃபைலை வச்சேதான் கட்டும், கெட்டுப்போனதே அதுதானே. கடைக்குப் போகாம வீட்டுலயே பண்ற பாதி ஃபார்மேட், அவ்ளோதான் இது. ப்ரவுசரும் யூட்யூபும் மட்டும் பாக்கறவங்களுக்கு இதுவே தாராளம்.

ஃபார்மேட்டுக்கு நியாயமா சொல்லணும்னா சில இடத்துல அதுதான் வழி. விண்டோஸ் பூட்டே ஆகலன்னா, வைரஸ் புகுந்துருச்சுன்னு நிச்சயமா தெரிஞ்சா, செகண்ட்ஹேண்ட்ல மெஷின் வாங்கியிருந்தா, பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டு எஸ்எஸ்டி போடறப்ப. வேகமும் ஜாஸ்தி, காலையில குடுத்தா சாயங்காலம் வாங்கிட்டு வந்துரலாம். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துக்கணும். ஒண்ணு பிட்லாக்கர், அதாவது டிரைவைப் பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி. புது விண்டோஸ் 11 மெஷின்கள்ல மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு லாகின் பண்ணா டிரைவ் தானாவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும், அது நமக்கே தெரியாது, கடையில தம்பி டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டி டேட்டா எடுக்கப் பாக்கறப்பதான் 48 இலக்க ரெகவரி கீ கேக்கும். உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல அந்த நம்பர் இருக்கும், முன்னாடியே எடுத்து பேப்பர்ல எழுதி வச்சுருங்க.

ரெண்டாவது ஆக்டிவேஷன். மெஷினோட வந்த ஒரிஜினல் விண்டோஸ்னா லைசென்ஸ் அந்த ஹார்ட்வேரோடயே கட்டியிருக்கு, அதே எடிஷனைத் திரும்பப் போட்டா தானா ஆக்டிவேட் ஆயிடும். உங்களுது ஹோம், கடையில ப்ரோ போட்டு ஏதோ ஒரு டூல்ல ஆக்டிவேட் பண்ணிக் குடுத்தா காசு குடுத்து வாங்கின லைசென்ஸ் சும்மா கிடக்கும், அதுவும் கேஎம்எஸ் (கம்பெனி மெஷின்களுக்கான ஆக்டிவேஷன் முறை) வகைன்னா 180 நாள்தான் செல்லும், புதுப்பிக்க அந்த டூல் உள்ளயே உக்காந்திருக்கணும். "ஒரிஜினல் ஹோமே போடுங்க தம்பி"ன்னு வாயைத் திறந்து சொல்லிருங்க, சொன்னா செய்வாங்க.

இப்ப ரிப்பேர் இன்ஸ்டால். விண்டோஸ் ஓடிட்டிருக்கும்போதே அது மேலயே அதே விண்டோஸைத் திரும்பப் போடறது, ஃபைலும் இருக்கும் சாஃப்ட்வேரும் இருக்கும் செட்டிங்கும் பெரும்பாலும் இருக்கும், கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல் மட்டும் மாறும். விண்டோஸ் 11ல இதுக்கு ஒரு பட்டனே வந்துருச்சு, அதே ரெகவரி பக்கத்துல "ஃபிக்ஸ் ப்ராப்ளம்ஸ் யூசிங் விண்டோஸ் அப்டேட்"னு இருக்கும், முதல்ல அதை அமுக்கிப் பாருங்க. விண்டோஸ் அப்டேட்டே படுத்திருந்தா அது உதவாது, அப்ப ஐஎஸ்ஓதான், அதாவது முழு விண்டோஸும் அடங்கின ஒரே ஃபைல். மைக்ரோசாஃப்ட் சைட்லருந்து ஐஎஸ்ஓ எறக்கணும், 5 ஜிபிக்கு மேல இருக்கும். டபுள் க்ளிக் பண்ணா டிவிடி மாதிரி திறக்கும், உள்ள செட்டப்பை ஓட்டணும். பென்டிரைவ்ல பூட் பண்ணி ஓட்டக்கூடாது, அப்படிப் போனா சாஃப்ட்வேரை வச்சுக்கற ஆப்ஷனே வராது, விண்டோஸுக்கு உள்ளருந்துதான் ஆரம்பிக்கணும். வேற கம்பெனி ஆன்டிவைரஸ் இருந்தா முன்னாடியே எடுத்துருங்க.

கடைசில "கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்"னு ஒரு வரி வரும். அது டிக் ஆகியிருந்தாத்தான் இன்ஸ்டால் அமுக்கணும். சாம்பல் கலர்ல செலக்ட் பண்ண முடியாம இருந்தா கேன்சல் பண்ணிட்டு வெளிய வந்துருங்க. பெரும்பாலும் காரணம் லாங்குவேஜ். நம்ம ஊர்ல விக்கற நிறைய மெஷின்ல இருக்கறது பிரிட்டிஷ் இங்கிலீஷ், சைட்ல அதுக்குப் பேர் "இங்கிலீஷ் இன்டர்நேஷனல்", நாம பாட்டுக்கு "இங்கிலீஷ் யுனைடெட் ஸ்டேட்ஸ்" எறக்கிட்டு வந்து உக்காந்திருப்போம். டிஸ்ம்ல கெட் இன்ட்டல்னு குடுத்தா டிஃபால்ட் சிஸ்டம் லாங்குவேஜ் என்னன்னு சொல்லிடும், அதைப் பாத்துட்டு எறக்குங்க, 5 ஜிபி டேட்டா மிச்சம். எடிஷனும் அதேதான் இருக்கணும், வெர்ஷன் அதுவே இருக்கலாம், இல்லன்னா அதுக்கு மேல இருக்கலாம். முடிஞ்சப்புறம் விண்டோஸ் டாட் ஓல்டுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கும், பிடிக்கலன்னா 10 நாளைக்குள்ள பழசுக்கே திரும்பிரலாம். ஓடிட்டிருக்கும்போது திரும்ப கரண்ட் போச்சுன்னா முதல்லருந்து தொல்லை, அதனால நான் பக்கத்து வீட்டு யூபிஎஸ்ஸை வாங்கிட்டு வந்து மாட்டிட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்தப் பக்கமும் தள்ளாது. என்னைத் தள்ளினது ஒண்ணே ஒண்ணு, ஃபார்மேட் முடிஞ்சு மெஷின் வீட்டுக்கு வந்தப்புறம் நடக்கற வேலை. விண்டோஸ் போடறது ரெண்டு மணி நேரம், அதுக்கு மேல நம்ம வாழ்க்கையைத் திரும்ப அடுக்கி வைக்கறது எவ்ளோ நாள்னு கடையில யாரும் சொல்ல மாட்டாங்க, அது அவங்க வேலையும் இல்ல. எங்க வீட்டுக்கு கணக்குப் போட்டுப் பாத்தேன். வீட்டுக்காரர் கணக்கு எழுதற சாஃப்ட்வேர் டாலி, அதோட லைசென்ஸ் அந்த மெஷினோட கட்டியிருக்கு, ஃபார்மேட்டுக்கு முன்னாடி உள்ள போய் லைசென்ஸை சரண்டர் பண்ணணும் (திருப்பிக் குடுக்கணும்), அப்பதான் புதுசுல திரும்ப ஆக்டிவேட் பண்றது சுலபம். அதோட டேட்டா ஃபோல்டர் டாக்குமென்ட்ஸ்ல இருக்காது, வேற எங்கயோ இருக்கும், கடையில பேக்கப்னு எடுக்கறது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், அதோட சரி. டிஎஸ்சி டோக்கனுக்கு (டிஜிட்டல் கையெழுத்து இருக்கற யூஎஸ்பி) ஒரு டிரைவர், ஜிஎஸ்டில கையெழுத்துப் போட இஎம்சைனர், அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஒத்துக்கற வரைக்கும் போராட்டம், இதெல்லாம் ரிட்டர்ன் போட வேண்டிய 20ஆம் தேதி பக்கத்துல நடந்தா வீட்ல யாரும் யார் கூடவும் பேச மாட்டோம். பிரிண்டர் டிரைவர் ஒரு பக்கம், ப்ரவுசர்ல சேவ் ஆன பாஸ்வேர்டு இன்னொரு பக்கம்.

இது எல்லாத்தையும் விட மாமாவோட சாமான்தான் பெருசு. அவர் பத்திரிகை எல்லாம் யூனிகோடுக்கு முந்தின ஃபான்ட்ல அடிச்சது, பாமினில கொஞ்சம், வானவில் ஔவையார்ல கொஞ்சம், இன்னும் பேர் தெரியாத அச்சக ஃபான்ட் ஒரு கூட்டம். அந்த ஃபான்ட் மெஷின்ல இல்லன்னா ஃபைல் திறக்கும், ஆனா உள்ள தமிழுக்குப் பதிலா இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் கோடுமா கிடக்கும், ஏன்னா அந்த ஃபான்ட்கள்ல இங்கிலீஷ் எழுத்து இருக்கற இடத்துலதான் தமிழ் எழுத்தைப் படமா வரைஞ்சு வச்சிருக்காங்க. ஃபைலை பத்திரமா காப்பி எடுத்துட்டு ஃபான்டை விட்டா எடுத்தும் பிரயோஜனம் இல்ல. விண்டோஸ்ல இப்ப தமிழ் 99 கீபோர்டு கூடவே வருது, நானெல்லாம் அதுலதான் அடிக்கறேன், ஆனா மாமா விரல் பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டுக்குப் பழகினது, அவருக்கு என்எச்எம் ரைட்டர்ங்கற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் வேணும், அதுல அவர் வச்ச மாதிரியே செட்டிங் வேணும். பத்திரிகை பக்கம் அமைக்கற டிடிபி சாஃப்ட்வேர் சிடி பீரோல இருக்கு, மெஷின்ல சிடி டிரைவே இல்ல. "ஏம்மா, பத்திரிகை ஃபைல்லாம் அப்படியே இருக்கும்ல?"ன்னு கேட்டுட்டே இருந்தார். ஃபார்மேட் அடிச்சிருந்தா மூட்டைப்பூச்சிக்கு பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான் ஆகியிருக்கும். ரிப்பேர் இன்ஸ்டால் முடிஞ்சு ஃபான்ட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாத்தேன், எல்லாம் இருந்துச்சு, டோக்கனும் வேலை செஞ்சுது, 1603 வரல. டிஃபால்ட் ப்ரவுசர் மாதிரி சில செட்டிங் மட்டும் பழைய இடத்துக்குப் போயிருந்துச்சு, விண்டோஸ் அப்டேட் திரும்ப ஒரு தடவை வரிசையா எறங்குச்சு.

எல்லாத்துக்கும் இதுவே மருந்துன்னு சொல்ல வரல. சாஃப்ட்வேரை அப்படியே வச்சுக்கும்னா உள்ள ஏற்கெனவே கெட்டுப்போன சாஃப்ட்வேரையும் அப்படியேதான் வச்சுக்கும், வைரஸ் இருந்தா அதுவும் குடித்தனம் தொடரும். ஹார்ட் டிஸ்க் போற நிலைமைல இருந்தா எதைப் போட்டாலும் கொஞ்ச நாள்தான், அதனால டிஸ்க் ஹெல்த் பாத்துட்டு ஆரம்பிங்க.

விண்டோஸ் 10 வச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2025 அக்டோபர் 14ஓட அதுக்கு சப்போர்ட் முடிஞ்சுருச்சு, அதனால 10க்கு மேல 10ஐயே ரிப்பேர் போடறதுக்கு பதிலா மெஷின் தாங்கும்னா, அதாவது டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்ல இருக்கற ப்ராசஸரும் இருந்தா, இதே மாதிரி உள்ளருந்து 11 செட்டப்பை ஓட்டிருங்க, சாஃப்ட்வேரும் நிக்கும், சிஸ்டம் ஃபைலும் புதுசாயிடும், ஒரே வேலைல ரெண்டும் முடியும். ஆனா 32 பிட் விண்டோஸ் 10ல இருந்து இப்படித் தாவ முடியாது, 11ல 32 பிட்டே கிடையாது. ரொம்பப் பழைய 16 பிட் சாஃப்ட்வேர் ஏதாவது வச்சிருந்தா அது 64 பிட்ல ஓடவே ஓடாது, அந்த மாதிரி மெஷினை நெட்ல இருந்து கழட்டிட்டு அப்படியே தனியா வச்சுக்கறதுதான் எனக்குத் தெரிஞ்ச வழி.

ஆபீஸ்ல குடுத்த லேப்டாப்ல நான் இதெல்லாம் செஞ்சு பாத்ததில்ல, அதுல கை வைக்காம ஐடி ஆளுங்ககிட்ட குடுத்துருங்க. வீட்டு மெஷினையே ஃபார்மேட்தான் அடிச்சாகணும்னு வந்தா, கடைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சி டிரைவ்ல விண்டோஸுக்குள்ள இருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டர் முழுசையும் ஒரு பென்டிரைவ்ல போட்டுக்குங்க, டாலி லைசென்ஸை சரண்டர் பண்ணிட்டு டேட்டா ஃபோல்டர் எங்க இருக்குன்னு அதுக்குள்ளயே பாத்து காப்பி எடுங்க, இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேர் லிஸ்ட்டை போன்ல போட்டோ எடுத்துக்குங்க, பிட்லாக்கர் நம்பரை எழுதி பர்ஸ்ல வைங்க, டிஎஸ்சி டோக்கனை மட்டும் மெஷினோட கடைக்கு அனுப்பாதீங்க.