டிரேட்மார்க் பதிய யாரிடம் போவது?

கம்பெனியைப் பதிந்தாயிற்று, ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு) உரிமமும் கைக்கு வந்துவிட்டது. இனி பெயர் நமக்குத்தான் என்று நம்புகிற சிறுதொழில்காரர்கள் நிறையப் பேர். இவற்றில் எதுவுமே பிராண்டு பெயர் மீது டிரேட்மார்க் (வணிகக்குறி) உரிமை தராது. அதற்கு 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிய வேண்டும். மசாலாப் பொடியும் செக்கெண்ணெயும் விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு எந்த வழி தோதுப்படும் என்று பார்ப்போம்.

முதலில் காசுக் கணக்கு. யார் மூலமாகப் போனாலும் அரசுக் கட்டணம் மாறாது. ஆன்லைனில் தாக்கல் செய்தால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு (பொருள் வகைக்கு) 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் சான்று (சிறுதொழில் பதிவுச் சான்று) வேண்டும். அதில்லாத கூட்டாண்மை நிறுவனம் இரட்டிப்பாகக் கட்டும். ஆகவே உண்மையில் ஒப்பிட வேண்டியது சேவைக் கட்டணத்தையும், அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்பதையும்தான்.

நாமே தாக்கல் செய்வது முடியாத காரியமல்ல. டிஜிட்டல் கையொப்பம் வாங்கி, டிஎம்-ஏ என்ற விண்ணப்பப் படிவத்தை நிரப்பினால் விண்ணப்ப எண் வந்துவிடும். வழுக்கும் இடங்கள் மூன்று. ஒன்று, வகுப்பு: மொத்தம் 45 உண்டு, சாம்பார்ப் பொடி 30இல் வரும், சமையல் எண்ணெய் 29இல் வரும். பொடிக்கு மட்டும் பதிந்துவிட்டு எண்ணெய் டின்னிலும் அதே பெயரை ஒட்டுகிறவர்கள் உண்டு. இரண்டு, அதே பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்ற தேடல்: டிரேட்மார்க் பதிவகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். ஆனால் தமிழ்ப் பெயரில் ‘ழ’ இருந்தால் ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். அத்தனை விதத்திலும் தேடாமல் ‘பெயர் காலி’ என்று முடிவுகட்டக் கூடாது.

மூன்றாவதுதான் பெரிது. படிவத்தில் எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்ற கேள்வி வரும். ஐந்து வருடமாக விற்கிற கடைக்கும் ‘இனிமேல் பயன்படுத்தப் போகிறோம்’ என்று போட்டுவிட்டால் வேலை சுலபம். பிரமாணப் பத்திரம் வேண்டாம், பழைய பில் தேட வேண்டாம். ஆனால் நம் நாட்டுச் சட்டத்தில் முன்பே பயன்படுத்தியவருக்குத் தனி மதிப்பு உண்டு. நாளை ஒருவர் சண்டைக்கு வந்தால் நாமே எழுதிக் கொடுத்த அந்த வரியைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

ஒரே தொகைக்குப் பதிந்து தருவதாக விளம்பரம் செய்யும் இணையப் பேக்கேஜ் நிறுவனங்களில் இந்தக் குறுக்குவழியை அடிக்கடி பார்க்கலாம். விளம்பரத்தில் உள்ள தொகை பெரும்பாலும் தாக்கலுக்கு மட்டும்; அரசுக் கட்டணம் தனி, பதிவகம் எழுப்பும் ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுவது தனி. வேகம் உண்மைதான், குறை சொல்வதற்கில்லை. பிரச்சினை அதற்குப் பிறகு. பதிவகத்தின் பரிசோதனை அறிக்கை ஆட்சேபத்தோடு வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பெயர் பொருளின் தன்மையையே சொல்கிறது என்றால் ஆட்சேபம் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள குறியை ஒத்திருக்கிறது என்றால் 11ஆம் பிரிவு. ‘சுத்தமான செக்கெண்ணெய்’ என்ற பெயருக்கு 9 வராவிட்டால்தான் ஆச்சரியம். இந்தப் பதிலை அச்சில் வார்த்தது போல எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். அறிக்கை ஏஜெண்டின் மின்னஞ்சலுக்குப் போய், அங்கே ஆள் மாறி, விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடுவதும் நடக்கிறது.

ஆடிட்டரைப் பற்றிச் சுருக்கமாக: கணக்குக்கு அவர், இதற்கு வேறு ஆள். பதிவகத்தில் உங்களுக்காக நிற்கச் சட்டம் அனுமதிப்பது வழக்கறிஞர், பதிவுபெற்ற டிரேட்மார்க் ஏஜெண்ட், உங்களிடமே முழுநேரம் வேலை பார்ப்பவர் ஆகியோரைத்தான். ஆடிட்டர் பெரும்பாலும் வேறொருவரிடம் தள்ளிவிடுவார். அந்த வேறொருவர் யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

டிரேட்மார்க் வக்கீல் செலவு கூடுதல்தான். ஆனால் முழு வேலையையும் அவரிடம் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. தேடல், வகுப்பு, பயன்பாட்டுத் தேதி இவற்றுக்கு ஒரு ஆலோசனை; ஆட்சேபம் வந்தால் பதிலும் விசாரணையும். இப்படித் துண்டு துண்டாகக் கட்டணம் பேசலாம். பதிவகத்தின் ஜர்னலில் (அதிகாரப்பூர்வ இதழில்) விண்ணப்பம் வெளியான பின் நான்கு மாதம் வரை யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு கைக்கு வந்த இரண்டு மாதத்தில் எதிர்வாதம் தராவிட்டால் விண்ணப்பம் அத்தோடு போச்சு. அந்தக் கட்டத்தில் பேக்கேஜ் வேண்டாம், வக்கீல்தான்.

அதிகம் பேர் எட்டிப் பார்க்காத இன்னொரு வழி, அங்கீகரிக்கப்பட்ட ஸ்டார்ட்அப்களுக்கு மத்திய அரசு 2016இல் தொடங்கிய திட்டம். பட்டியலில் உள்ள வல்லுநருக்கான கட்டணத்தை அரசே தரும். நாம் கட்டுவது பதிவுக் கட்டணம் மட்டும். தகுதி இருப்பவர்கள் பேக்கேஜுக்குக் காசு கொடுப்பது வீண். நல்ல வல்லுநர் அமைகிறாரா என்பதை மட்டும் பேசிப் பார்த்து முடிவு செய்யலாம்.

என் ஓட்டு இப்படி: பெயர் புதுச்சொல்லாக, தேடலில் எதுவும் தட்டாமல், ஒரே வகுப்பில் இருந்தால் நாமே போடலாம். விற்று நாளான பெயர், அல்லது பொருளை விவரிக்கும் பெயர் என்றால் முதல் நாளே வக்கீல். பேக்கேஜ்தான் என்று முடிவானால் பணம் கட்டும் முன் மூன்று கேள்வி: படிவத்தில் யாருடைய மின்னஞ்சல் போடுவீர்கள், பயன்பாட்டுத் தேதி என்ன எழுதுவீர்கள், ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுபவர் பெயர் என்ன?