லேப்டாப் தூங்கி எழுந்ததும் மந்தமாகிறதா? கடைக்குக் கொண்டு போகாதீர்கள், என் 680 வெள்ளி (ரிங்கிட்) போய்விட்டது

நேற்று இரவு சரியாகத் தூங்கவில்லை. கோபம் ஆறிவிட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதுகிறேன். கோலாலம்பூரில் வீட்டிலிருந்தபடி லேப்டாப்பில் வேலை செய்கிறவர்கள் தயவுசெய்து படியுங்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் செந்தூலில் இருக்கிறேன். ஒரு சாப்பாட்டுக் கடைக்கும் இரண்டு மளிகைக் கடைகளுக்கும் வீட்டிலேயே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். இரவு வேலை முடிந்ததும் லேப்டாப் மூடியைச் சாத்திவிடுவேன், அது அணையாமல் தூக்கத்துக்கு (ஸ்லீப்) போய்விடும், காலையில் திறந்தால் விட்ட இடத்திலேயே இருக்கும். இரண்டு மாதமாக, காலையில் திறந்தால் ஒரே மந்தம். தட்டச்சு செய்தால் எழுத்து பின்னால் வரும். எக்செல் திறப்பதற்குள் காப்பி ஆறிவிடும். இரண்டு முறை ஷட் டவுன் செய்தும் பார்த்தேன், மறுபடி போட்டால் அதே கதைதான்.

நகருக்குள் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருக்கும் பழுது பார்க்கும் கடை. பெயர் போடவில்லை. கல்லாவில் இருந்த பையன் தமிழ்ப் பையன். "வாங்கக்கா, உக்காருங்க" என்றான். எந்த ஊர் என்று கேட்டான், சுங்கை சிப்புட் என்றேன், "என் அம்மாவும் அந்தப் பக்கம்தான் அக்கா" என்றான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். நம்ம பிள்ளை, நம்மை ஏமாற்றுவானா என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால்தான் பணத்தைவிட அதிகமாக வலிக்கிறது.

லேப்டாப்பில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து என் பக்கம் திருப்பிக் காட்டினான். லேப்டாப்பின் மூளையான சிபியுவின் வேகம் 0.39 கிகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. "ரெண்டுக்கு மேல ஓட வேண்டியது அக்கா, பாருங்க எங்க நிக்குதுன்னு. ஷட் டவுன் பண்ணியும் சரியாகலன்னா உள்ள இருக்கிற மெயின் போர்டு சாகப் போகுதுன்னு அர்த்தம். டேட்டா போறதுக்கு முன்னாடி மாத்திடுங்க." மூன்று கடைக் கணக்கும் அதில் இருக்கிறது. பயந்துவிட்டேன். ரேம் (நினைவகம்) 180, எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்) 260, போர்டு சர்வீஸ் 240. மொத்தம் 680 வெள்ளி. அந்த மாதம் சாப்பாட்டுக் கடைக்காரர் கொடுத்த சம்பளத்தை அப்படியே எண்ணிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை எடுத்து வந்தேன். கடையில் போட்டுக் காட்டியபோது பறந்தது. திங்கட்கிழமை காலையில் மூடியைத் திறந்தால், அதே மந்தம்!

வாட்ஸ்அப் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன் செய்தால் டெக்னீஷியன் லீவு. மறுநாள் போன் செய்தால் "புது பார்ட்ஸ், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்". நேரில் போனேன். முதல் நாள் அக்கா என்று அழைத்தவன் அன்றைக்கு மேடம் என்றான். "வாரண்டி பார்ட்ஸுக்குத்தான் மேடம். இது விண்டோஸ் பிரச்சினை, நாங்க பொறுப்பில்ல." போர்டு என்று சொன்னது யார் தம்பி என்று கேட்டேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரசீதின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று மலாயில் அச்சடித்திருந்ததை விரலால் தட்டிக் காட்டினான். அவ்வளவுதான் மரியாதை.

வார இறுதியில் என் அக்கா மகன் வந்தான், போலிடெக்னிக்கில் படிக்கிறான். மூடியைச் சாத்தி, அரை மணி நேரம் கழித்துத் திறந்தான். 0.39. பிறகு ரீஸ்டார்ட் செய்தான். ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். வேகம் சரியாகிவிட்டது. "சின்னம்மா, ஷட் டவுனும் ரீஸ்டார்ட்டும் ஒண்ணு இல்ல" என்றான். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறதாம். அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸின் உள்பகுதியை டிஸ்கில் அப்படியே சேமித்து வைத்து, மறுபடி போடும்போது அதையே எடுத்து ஓட்டும். டிரைவரில், அதாவது லேப்டாப்பின் பாகங்களை இயக்கும் மென்பொருளில், இருக்கும் கோளாறும் கூடவே திரும்பி வந்துவிடும். ரீஸ்டார்ட் செய்தால்தான் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். என் லேப்டாப்பில் மின்சாரத்தைக் கவனிக்கும் டிரைவர், தூக்கத்திலிருந்து எழுந்த பிறகும் சிபியுவைக் குறைந்த வேகத்திலேயே பிடித்து வைத்திருந்தது. தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து பயாஸையும் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) போர்டுக்கான சிப்செட் டிரைவரையும் புதுப்பித்தான், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்தான். ஒரு மணி நேர வேலை. ஐந்து நாளாகிறது, மூடியைத் திறந்த உடனே ஓடுகிறது. செலவு ஒரு காசு இல்லை. நான் கொடுத்தது 680 வெள்ளி.

அதோடு முடியவில்லை. புது எஸ்எஸ்டி என்று மாட்டினார்களே, அது ஏற்கெனவே 11,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்று ஒரு இலவச மென்பொருளில் காட்டினான். ஒரு வருடத்துக்கும் மேல் ராப்பகலாக ஓடிய பழைய சரக்கு. என் பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டால் தூக்கிப் போட்டாச்சாம். அதில் மூன்று கடைக்காரர்களின் ஐசி (அடையாள அட்டை) நகலும் வங்கிக் கணக்கு விவரமும் இருக்கிறது. யார் கையில் இருக்கிறதோ தெரியவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்து இதை எப்படிச் சொல்வேன்?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், கை நடுங்குகிறது, முடிந்ததைச் சொல்கிறேன். லேப்டாப் மந்தமானால் முதலில் ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதில் சரியானால் பாகத்தை மாற்ற யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பயாஸ் புதுப்பிக்கும்போது சார்ஜரைக் கழற்றாதீர்கள். கழற்றிய டிஸ்க்கைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். ரசீதில் என்ன பழுது, என்ன பாகம், என்ன மாடல் என்று எழுதி வாங்குங்கள், என்னுடையதில் "சர்வீஸ்" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுக்கும் உரிமையை ரசீதில் ஒரு வரி அச்சடித்து எடுத்துவிட முடியாது. திங்கட்கிழமை போகிறேன். அங்கே யாராவது டிஸ்க் விஷயமாகப் புகார் கொடுத்திருந்தால், என்னென்ன கொண்டு போக வேண்டும் என்று உடனே சொல்லுங்கள்.