ஐ.எம்.எஃப். பொருளாதாரக் கணிப்பு அறிக்கை: ஒற்றை எண்ணோடு நிறுத்திவிடக் கூடாது

பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) ஏப்ரலிலும் அக்டோபரிலும் முழுமையாகவும், ஜனவரியிலும் ஜூலையிலும் சுருக்கமாகவும் வெளியிடும் ‘உலகப் பொருளாதாரக் கண்ணோட்டம்’ அறிக்கையையும் அதன் தரவுத்தளத்தையும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். 190-க்கும் மேற்பட்ட நாடுகளின் வளர்ச்சி விகிதம், பணவீக்கம், நடப்புக் கணக்கு (வெளிநாடுகளுடனான வரவு-செலவு நிலை), அரசுக் கடன் ஆகியவற்றை 1980 முதல், வரும் ஆண்டுகளுக்கான கணிப்புகளுடன் சேர்த்து, கட்டணமின்றி ஒரே இடத்தில் தரும் இதற்கு நிகரான சேவையை நான் அறியேன். ஆனால் செய்திகளில் வரும் வளர்ச்சி எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு முதலீட்டு முடிவுக்குப் போகிறவர்கள், இந்த அறிக்கையில் மதிப்புமிக்க பகுதி எதுவோ அதைப் படிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

2020-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஏப்ரலில் இந்தியா 1.9 சதவீதம் வளரும் என்றது அறிக்கை. ஜூனில் அது 4.5 சதவீதச் சரிவாகவும், அக்டோபரில் 10.3 சதவீதச் சரிவாகவும் மாறியது. பின்னர் திருத்தப்பட்ட அரசுக் கணக்கின்படி உண்மையான சரிவு 5.8 சதவீதம். ஊரடங்கின் நீளத்தை ஏப்ரலில் யாராலும் கணித்திருக்க முடியாது என்பதால் இதை வெறும் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆனால் நெருக்கடிக் காலத்தில் ஒரு தனிக் கணிப்பைக் காட்டிலும், அது அடுத்தடுத்த பதிப்புகளில் எந்தத் திசையில், எவ்வளவு வேகமாகத் திருத்தப்படுகிறது என்பதே அதிகம் சொல்கிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இந்தியாவுக்கான வரிசையில் 2020 என்பது நாட்காட்டி ஆண்டல்ல, 2020 ஏப்ரலில் தொடங்கி 2021 மார்ச்சில் முடியும் நிதியாண்டு. இதை அறியாமல் அதைச் சீனாவின் 2020-உடன் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் கட்டுரைகளை இன்றும் காண்கிறோம்.

நான் முதலில் திறப்பது, கணிப்புக்கு அடிப்படையான அனுமானங்களைச் சொல்லும் பக்கத்தைத்தான். கச்சா எண்ணெய் விலை, பின்னாளில் பெறுவதற்கு இன்றே விலை பேசும் முன்பேரச் சந்தை காட்டும் விலையை ஒட்டியே செல்லும் என்றும், நாணயங்களின் உண்மை மாற்று விகிதம் (நாடுகளின் பணவீக்க வேறுபாட்டைக் கழித்த பின் கிடைப்பது) பெரிதும் மாறாது என்றும் அங்கே எழுதியிருக்கும். தேவையான கச்சா எண்ணெயில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்தியாவுக்கு இந்த இரண்டில் ஒன்று பிசகினாலும் பணவீக்கக் கணிப்பும் நடப்புக் கணக்குப் பற்றாக்குறையும் சேர்ந்தே நகரும். தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும், எந்த ஆண்டுக்குப் பிறகு வருபவை மதிப்பீடுகள் என்று குறிக்கும் ஒரு நெடுவரிசையும் உண்டு. சில நாடுகளுக்கு அந்த ஆண்டு வியப்பளிக்கும் அளவுக்குப் பின்தங்கியிருக்கும். கடந்த காலத்துக்கான எண்கூட உறுதியான கணக்கல்ல என்பது அப்போதுதான் புரியும்.

தன் பிழையைத் தானே ஆராய்ந்து அச்சிடும் நேர்மையும் இந்த அறிக்கைக்கு உண்டு. ஐரோப்பியக் கடன் நெருக்கடியின்போது, 2012 அக்டோபர் பதிப்பில், அரசுச் செலவுக் குறைப்பு உற்பத்தியைப் பாதிக்கும் அளவைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக அதன் பொருளியலாளர்களே எழுதினார்கள்: ஒரு யூரோ குறைத்தால் சுமார் அரை யூரோ இழப்பு என்ற கணக்கு, நடைமுறையில் 0.9 முதல் 1.7 யூரோ வரை இருந்திருக்கக்கூடும் என்பதே அவர்கள் கண்டது. அத்தகைய செலவுக் குறைப்புக்கு ஆளான கிரேக்க மக்கள் அதற்குள் கொடுத்துவிட்ட விலையை அந்த ஒப்புதல் ஈடுசெய்யவில்லை என்றாலும், வணிக ஆய்வு நிறுவனங்களின் அறிக்கைகளில் இப்படியொரு பக்கத்தைக் காண்பது அரிது.

குறைகளில் பெரியது, மிகவும் தேவைப்படும் நேரத்தில் தரவு அட்டவணையின் சில கட்டங்கள் வெறுமையாக இருப்பது. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்திய பிறகு, கடன் மறுசீரமைப்புப் பேச்சு நடந்த காலத்துப் பதிப்புகள் சிலவற்றில் அந்நாட்டுக்கான கணிப்புகள் வெளியிடப்படவில்லை. பேச்சின் நடுவே எண்களை வெளியிடுவதில் உள்ள சிக்கல் புரிகிறது. ஆனால் சேமிப்பைக் காக்கத் தவித்த சாதாரண மக்களுக்கு அதே எண்கள்தான் தேவைப்பட்டன. பங்கு, கடன் பத்திரச் சந்தைகளைத் தேடி வருபவர்களுக்கும் இது போதாது. அவர்கள் இதே நிதியத்தின் நிதி நிலைத்தன்மை அறிக்கையைத் தனியாகப் படிக்க வேண்டும்.

அடுத்த வாரச் சந்தையைக் கணிக்க நினைப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நீண்டகால முதலீட்டாளர்கள், பொருளியல் மாணவர்கள், செய்தியாளர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம். பழைய பதிப்புகளும் தளத்தில் கிடைப்பதால், புதியதைப் பதிவிறக்கும்போதே ஆறு மாதங்களுக்கு முந்தையதையும் எடுத்து வைத்து, உங்கள் நாட்டின் வரிசையை இரண்டிலும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் படிக்கத் தொடங்குங்கள்.