ஒரே மாசத்துல மூணு தடவை கூப்பிட்ட ரிப்பேர் சர்வீஸ், 5க்கு 3.5 தான்

மொதல்ல மக்கர் பண்ணது வாஷிங் மெஷின். துணி உள்ள, தண்ணி பாதி வரைக்கும் நிக்குது, கதவு லாக். அதே வாரம் பையன் கண்ணாடியை ரெண்டா உடைச்சுட்டு வந்தான், அம்மாவுக்கு கடவாப்பல்லுல ரூட் கெனால்னாங்க, சரி அதோட போச்சுன்னு மூச்சு விட்டா அதுக்கு மேல கேப் போடணுமாம், அது தனி பில்லாம். பட்ட கால்லயே படும்னு பாட்டி சொல்றப்பல்லாம் சிரிச்சிருக்கேன், இப்ப சிரிப்பு வரல.

மெஷினுக்கு மொதல்ல வந்தவர் வேற இடத்து ஆளு. அஞ்சே நிமிஷம் பார்த்தார், "மெஷினை கன்ட்ரோல் பண்ற சர்க்யூட் போர்டு போயிடுச்சு மேடம், மாத்துற காசுக்கு புதுசே வாங்கிடலாம்"னு சொல்லி விசிட் சார்ஜ் வாங்கிட்டு கிளம்பிட்டார். எனக்கு மனசு கேக்கல. ஃப்ரெண்ட் ஒருத்தி ஒரு ஆப் சொன்னா, அதுல புக் பண்ணேன். அந்த சர்வீஸுக்குத்தான் இந்த ரிவ்யூ.

வந்தவர் ஸ்க்ரூடிரைவரையே எடுக்கல. பழைய துண்டும் ஒரு தட்டையான ட்ரேயும் கேட்டார். மெஷின் முன்பக்கம் கீழ் மூலையில சின்ன மூடி ஒண்ணு இருக்கும்ல, நான் அதை டிசைன்னு நினைச்சு இத்தனை வருஷம் துடைச்சிருக்கேன், அதைத் திறந்து சின்ன ட்யூப் வழியா தண்ணியை வடிச்சுட்டு டிரெயின் பம்ப் ஃபில்டரை சுத்திக் கழட்டினார். உள்ள ரெண்டு காசு, ஒரு சட்டை பட்டன், முடி சுத்தின ஹேர்பின் ஒண்ணு. உள்ளங்கையில வச்சுக் காட்டி "இதான்க்கா உங்க போர்டு"ன்னார். பார்ட்ஸ் எதுவும் மாத்தல, விசிட் சார்ஜ் மட்டும்தான். பிளக்கை கழட்டிட்டு, சுடுதண்ணில ஓட விட்டிருந்தா ஆற விட்டு, மாசம் ஒரு தடவை நீங்களே பண்ணலாம்னு கத்துக் குடுத்துட்டுப் போனார். அந்த ஒரு விசிட்டுக்கு 5க்கு 5.

ரெண்டாவது ஃப்ரிட்ஜ். ஓயாம ஓடுது, கூலிங் மட்டும் இல்ல. லக்கி, அதே ஆளு வந்தார். ஒரு பேப்பரை கதவு இடுக்குல வச்சு மூடி இழுத்தார், மேல புடிச்சு நிக்குது, கீழ் மூலையில வழுக்கிட்டு வந்துடுச்சு. அப்ப கேஸ்கெட், அதான் கதவை சுத்தி இருக்கிற ரப்பர், லூஸ். அடுத்து ஹேர் டிரையர் இருக்கான்னு கேட்டார் பாருங்க! லேசா சூடு காட்டி ரப்பரை கையால நீவி விட்டார், பாதி சரியாச்சு, ஆனா மூலையில கிழிஞ்சிருந்ததால அதை மாத்தித்தான் ஆகணும்னுட்டார். பார்ட் வர 4 நாள் இழுத்தாங்க, தினமும் போன் பண்ணா தினமும் "நாளைக்கு".

மூணாவது ஃபேன், கையால தள்ளி விட்டாத்தான் சுத்துது. மோட்டாரை ஸ்டார்ட் பண்ணி விடுற கெப்பாசிட்டர் போச்சுன்னு எனக்கே தெரியும். இந்த தடவை வேற ஆளு, 3 மணி நேரம் லேட். பழசுல 2.25 மைக்ரோஃபாரட்னு (அதோட அளவு) போட்டிருக்கு, இவர் 3.15 மாட்டப் போறார், கேட்டா ஸ்பீடு நல்லா வருமாம். மோட்டார் சூடானா யார் பொறுப்பு? சண்டை போட்டு சரியானதையே மாட்ட வச்சேன். அப்புறம் பில்லைப் பார்த்தா நான் கேக்காத "கிளீனிங்"னு ஒரு வரி. கம்ப்ளெயின்ட் குடுத்து 5 நாள் கழிச்சு அந்தப் பணம் திரும்பி வந்துச்சு, அதை மறைக்க விரும்பல.

புக் பண்றவங்க பழைய பார்ட்டை கேட்டு வாங்கி வச்சுக்கோங்க, அதுல இருக்கிற நம்பரைப் பார்த்துட்டு மாட்டச் சொல்லுங்க. முன்னாடி வந்த ஆளையே கேக்குற வசதி ஆப்புல இருக்கு, எனக்குத்தான் லேட்டா கண்ணுல பட்டுச்சு. மாத்தின பார்ட்டுக்கு 30 நாள் வாரன்டி போட்டுக் குடுத்தாங்க.

அம்மாவோட கேப் இன்னும் பாக்கி. காசை பாக்கெட்டுலயே விட்டு துவைக்கப் போட்டான்னு எங்க வீட்டுக்காரர் பையனை ரெண்டு நாள் திட்டினார். அந்த ஹேர்பின் என்னோடது, நான் இன்னும் வாயைத் திறக்கல.