ரங்கூனில் வேலைக்குப் போக ஜப்பான் பழைய சைக்கிள் எப்படி?

டலாவிலிருந்து ஆற்றைத் தாண்டி தினமும் வேலைக்குப் போகிற ஆள் நான். ரங்கூனுக்கு எந்த சைக்கிள் நல்லது என்று யார் கேட்டாலும் ஜப்பானிலிருந்து வருகிற பழைய கூடை சைக்கிளைத்தான் சொல்வேன். நகரத்துக்குள் 2003-லிருந்தே மோட்டார் சைக்கிளுக்குத் தடை, அதனால் பஸ், டாக்சி, சைக்கா என்கிற பக்க இருக்கை வைத்த சைக்கிள் ரிக்‌ஷா, இல்லையென்றால் சொந்தக் கால் பலம், அவ்வளவுதான்.

முதலில் நம் உடுப்புக்கு இது பொருந்தும். நடுத்தண்டு தாழ்ந்து வளைந்திருப்பதால் கைலி கட்டிய அண்ணனும் புடவை கட்டிய அக்காவும் காலைத் தூக்கிப் போடாமல் அப்படியே ஏறி உட்காரலாம், செயினை முழுக்க மூடிய கவர் இருப்பதால் துணி மாட்டாது. அப்புறம் அந்த இரட்டைக்கால் ஸ்டாண்டு! ஆற்றைக் கடக்க ஜப்பான் கொடுத்த ‘செர்ரி’ என்ற பெயருள்ள படகில் கூட்டம் நெருக்கும்போது அதன் அருமை தெரியும். காடை முட்டை விற்கிற அம்மா தட்டை என் கேரியரில் வைத்துவிட்டுச் சில்லறை எண்ணுவார், வண்டி துளியும் சாயாது.

பன்சோடான் துறையில் இறங்கி அனோரதா சாலை காளியம்மன் கோவில் பக்கம் போனால் வேகத்துக்கு வேலையே இல்லை. நடைபாதைக் கடைகள் ரோட்டில் பாதியை எடுத்துக்கொள்ளும், ஆகவே கியர் வைத்த மலை சைக்கிளுக்குக் காசு கொட்டுவது வீண் என்பது என் கருத்து. இங்கே 1970-லிருந்து வண்டிகள் வலப்பக்கம் போகின்றன, ஆனால் ஓடுகிற ஜப்பான் கார்களில் பெரும்பாலும் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான், அதாவது டிரைவர் வலது ஓரமாகப் போகிற நம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். சிக்னலில் நின்றால் கண்ணாடியை இறக்கி, கூடையில் இருக்கும் முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்கிற டாக்சிக்காரர்கள் எத்தனையோ பேர். ஆனால் அவர் நின்ற இடத்திலேயே கதவைத் திறந்தால் அது ஓரமாகப் போகிற நம் மேல்தான் வரும், அதைக் கவனிக்க வேண்டும்.

குறை என்றால் பின் பிரேக். பட்டை இறுக்குகிற வகை என்பதால் மழைக்காலத்தில் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தும், பிடிப்பும் குறையும். நல்ல மழையில் முன் பிரேக்கையும் சேர்த்து மெதுவாகப் பிடியுங்கள். இரும்பு ரிம் உள்ள வண்டியை இந்த ஈரத்தில் துரு தின்றுவிடும், கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அலுமினிய ரிம்மாகப் பார்த்து எடுப்பது மேல்.

வால்வு நம் ஊர்ப் பழைய சைக்கிள்களில் இருக்கிற அதே வகைதான், எந்த மூலையில் காற்றடிக்கிறவரிடமும் போகலாம். வாங்கும்போது முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி டைனமோ விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், பின் சக்கரப் பூட்டுக்குச் சாவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். எனக்கு விற்றவர் சாவி நாளை தருகிறேன் என்றார், இன்னும் தரவில்லை, தனியாகச் சங்கிலி வாங்கித்தான் பூட்டுகிறேன்.