‘.303 என்றால் கோது வீங்கத்தான் செய்யும்’ என்று சொல்லும் கடையில் கவனம்

ரொறன்ரோ பக்கம் .303 தோட்டா சுடும் பழைய லீ-என்ஃபீல்ட் இராணுவத் துவக்கு வாங்க நினைப்பவர்கள், காசு கட்டுமுன் இதை ஒருமுறை வாசியுங்கள்.

நான் வாங்கியது இரண்டாம் உலகப்போர்க் காலத்து நம்பர் 4, லோங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. கடையில் “எங்கள் கன்ஸ்மித் (துவக்கு திருத்துபவர்) ஹெட்ஸ்பேஸ் பார்த்துவிட்டார்” என்று சொல்லி, அதற்குத் தனியாகக் காசும் வாங்கினார்கள். ஹெட்ஸ்பேஸ் என்பது, துவக்கைப் பின்னால் பூட்டும் போல்ட்டின் முன்னே தோட்டாவின் ரிம் (அடிவிளிம்பு) உட்கார இருக்கும் இடம். கூடவே ஒரு பை பித்தளைக் கோதுகள், அதாவது மருந்தும் குண்டும் போட்டுத் திரும்பச் சுடக்கூடிய வெற்றுத் தோட்டா உறைகள். “ஒரே தடவை சுட்டவை” என்றார்கள்.

இந்தத் துவக்கின் சேம்பருக்கு (தோட்டா உட்காரும் அறை) கோதுகளைப் பழக்கலாம் என்று மிதமான மருந்தோடு சுட்டேன். ரிம்முக்குச் சற்று மேலே எல்லாம் வீங்கி வந்தன. கொண்டுபோய்க் காட்டினால் சிரிப்பு. “.303 அப்படித்தான். மருந்தைக் கூடப் போட்டிருப்பீர்கள்.”

இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் பிரச்சினை. சேறும் தூசியும் பட்டாலும் தோட்டா சிக்காமல் ஏறவேண்டும் என்று இராணுவத் துவக்குகளின் சேம்பரைத் தாராளமாகவே குடைந்தார்கள். தோட்டா அதன் அடியில் படுத்துக் கிடக்கும். சுடும்போது மேல்பக்கம் உப்பும். ரிம்மில் மேலே வரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுச் சுட்டுப் பாருங்கள். வீக்கம் எப்போதும் கோட்டுப் பக்கமே இருந்தால் அது இந்த வகை. அழகில்லை, அவ்வளவுதான்.

என் கோதுகளில் இருந்தது வேறு. அடிப்பகுதிக்கு மேலே சுற்றிவர ஒரு பளபளப்பான வளையம். ஹெட்ஸ்பேஸ் கூடி, போல்ட் முகத்துக்கும் ரிம்முக்கும் இடையில் இடைவெளி அதிகமானால், சுடும்போது கோதின் முன்பகுதி சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும், பின்பகுதி போல்ட்டை நோக்கித் தள்ளப்படும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். அடுத்த தடவையோ அதற்கடுத்த தடவையோ கோது இரண்டாகப் பிரியும். சூடான வாயு முகத்துக்கு நேரே வரலாம். பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உள்ளே விட்டு, சுவரோடு உரசி மேலே இழுத்தால் அந்தப் பள்ளம் கையில் தட்டும்.

பையில் மிச்சமிருந்த, நான் தொடாத கோதுகளிலும் கிளிப்பை விட்டுப் பார்த்தேன். அவற்றிலும் பள்ளம்! பலமுறை சுட்டதை மினுக்கி விற்றிருக்கிறார்கள். சரி, கோதுதான் பழையது என்று புது ஃபேக்டரி தோட்டாவும் போட்டேன். அதே வளையம். அதோடு சுடுவதை நிறுத்திவிட்டேன்.

வேறொரு கன்ஸ்மித்திடம் காட்டினேன். .303க்குக் குறைந்தபட்ச ஹெட்ஸ்பேஸ் 0.064 அங்குலம், தோட்டாவின் இடத்தில் 0.074 அளவுகோலை (அந்தத் தடிப்பில் செய்த உலோகத் துண்டு) வைத்தால் போல்ட் மூடவே கூடாது. என்னுடையது விரல் பட்டதும் மூடிக்கொண்டது. போல்ட் கைப்பிடியில் இருந்த பழைய தொடர் இலக்கத்தை அராவி, துவக்கின் உடலில் உள்ள இலக்கத்தை வேறு அச்சில் புதிதாகக் குத்தியிருந்ததையும் அவர்தான் காட்டினார். வேறு துவக்கின் போல்ட்!

வாங்கும்போது அளவுகோலை உங்கள் கண்முன்னே போட்டு மூடிக் காட்டச் சொல்லுங்கள். அளவை ரசீதில் எழுதி வாங்குங்கள். என் ரசீதில் ‘பரிசோதிக்கப்பட்டது’ என்று மட்டும்தான் இருந்தது, எதைப் பரிசோதித்தார்களோ! கோது புதிதாகவே வாங்குங்கள். ஹெட்ஸ்பேஸ் சரியான துவக்கிலும், முதல் சூட்டுக்கு ரிம்மை ஒட்டி ஒரு சிறிய ரப்பர் வளையம் மாட்டினால் கோது நடுவில் நின்று பின்னால் அணைந்திருக்கும், இழுபடுவது குறையும். அப்புறம் திரும்ப மருந்து போடும்போது கோதின் கழுத்தை மட்டும் சைஸ் பண்ணினால் (அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்தால்) போதும். ஆனால் ஹெட்ஸ்பேஸ் கெட்ட துவக்குக்கு இந்த ரப்பர் வளையம் வைத்தியம் அல்ல.

கோதுக்கான காசைத் திருப்பித் தந்தார்கள். துவக்குக்கு “விற்றது விற்றதுதான்” என்கிறார்கள். கன்ஸ்மித் எழுதித் தந்த அளவுகளோடும் போல்ட்டின் படங்களோடும் நுகர்வோர் முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன்.